எட்டுப் பக்க வாக்குவாதமும் ஒரு வீட்டுப் பத்திரமும்

அம்மா அவர்களுக்கு வணக்கம்.

கோவில்பட்டியிலிருந்து நீங்களும் உங்கள் கணவரும் வந்து என் மேசையில் வைத்துவிட்டுப் போன, உங்கள் மகளின் இணைய விவாதம் அடங்கிய எட்டுப் பக்க ஜெராக்ஸ் தாள்களை இரண்டு முறை படித்தேன். இறுதியாண்டு பி.எஸ்சி. கணினி அறிவியல் படிக்கும் மகள் முகம் தெரியாத வெளிநாட்டுப் பொறியாளர்களோடு நள்ளிரவு வரை எழுத்தில் மல்லுக்கட்டுகிறாள், நாளைக்கு இதுவே அவளுடைய வேலைக்கு வினையாகிவிடுமோ என்பது உங்கள் கவலை. அன்று உங்களைப் பதற வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். படித்து முடித்த பிறகு அந்த ஆறுதலைப் பாதி திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். நீங்கள் பதற வேண்டியது இந்தத் தாள்களுக்காக அல்ல, மகளின் வெளிநாட்டுப் படிப்புக்காக உங்கள் தம்பி பெங்களூரிலிருந்து அனுப்பிவைத்திருக்கும் 38 லட்ச ரூபாய்க் கடன் விண்ணப்பத்துக்காக.

முதலில் அந்த வாக்குவாதம் என்னவென்று பார்ப்போம். யாரும் நிரலைப் பார்த்துத் திருத்த முன்வரக்கூடிய ஒரு கட்டற்ற மென்பொருளில் சொற்களின் எழுத்துகளை எண்ணும் பகுதி ஒன்று இருக்கிறது. ‘தமிழ்’ என்ற சொல்லை அதற்குக் கொடுத்தால் ஐந்து என்கிறது. ஏனென்றால் கணினி அந்தச் சொல்லை த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகளாகவே சேமிக்கிறது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டால் மூன்று என்று சொல்லும். உங்கள் மகள் மூன்றுதான் சரி என்கிறாள். அந்த மென்பொருளைப் பல ஆண்டுகளாகப் பராமரித்துவரும் மூத்த பொறியாளர், சேமிப்பின்படி ஐந்துதான் சரி என்கிறார். இரண்டு பேருக்கும் ஞாயம் இருக்கிறது. தொழில்முறை விவாதங்களில் பெரும்பாலானவை இப்படித்தான் இருக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

இரண்டாம் பக்கத்தில் அவள் தவறு செய்திருக்கிறாள். ‘தமிழ் தெரியாதவர்கள் இதில் முடிவெடுக்க வேண்டாம்’ என்ற பொருளில் ஒரு வரி எழுதியிருக்கிறாள். அந்த வரி எண்ணிக்கையைப் பற்றியது அல்ல. எதிரில் இருப்பவரின் தகுதியைப் பற்றியது. நான்காம் பக்கத்தில் அதற்கு வருத்தம் தெரிவித்துவிட்டு, மூத்தவரின் வாதத்தை அவரே ஒப்புக்கொள்ளும்படி மூன்று வரிகளில் திருப்பிச் சொல்லி, அது எந்தத் தேவைக்குப் பொருந்தும், எந்தத் தேவைக்குப் பொருந்தாது என்று பிரித்து, பத்துத் தமிழ்ச் சொற்களைச் சோதனையாக இணைத்து, எழுத்துப் பிரிப்பைப் பற்றி, கணினியில் எழுத்துகளைக் குறிப்பதற்கான யூனிகோடு தரத்தின் 29ஆம் இணைப்பு சொல்லும் முறையையும் சுட்டியிருக்கிறாள். ஏழாம் பக்கத்தில், பழைய எண்ணிக்கையை அப்படியே வைத்துக்கொண்டு படிப்பவருக்கான எண்ணிக்கையைத் தனியாகச் சேர்க்கலாம் என்று அந்த மூத்தவரே முன்மொழிகிறார். இதைச் சண்டை என்று சொன்னால், சமாதானம் என்று எதைச் சொல்வது?

நன்னூல் என்ற இலக்கண நூல், நூலாசிரியருக்கு எழுவகை மதம், அதாவது ஏழு வகைக் கொள்கை சொல்கிறது. அவற்றுள் ஒன்று ‘பிறர்தம் மதமேற்கொண்டு களைவு’, அதாவது பிறர் கருத்தை முதலில் எடுத்துக்கொண்டு பிறகு அதை நீக்குவது. நம் பழைய உரையாசிரியர்களும் மாற்றுக் கருத்தை ‘என்று உரைப்பாரும் உளர்’ என்று எடுத்துவைத்து, சொன்னவரை இழுக்காமல் சொன்னதை மட்டும் மறுத்துவிட்டுப் போவார்கள். உங்கள் மகள் நன்னூலைப் படித்திருக்க வாய்ப்பில்லை. நான்காம் பக்கத்தில் அவள் செய்திருப்பது என்னவோ அதைத்தான்.

இனி உங்கள் தம்பியின் யோசனைக்கு வருகிறேன். வெளிநாட்டில் எம்.எஸ். என்றால் சொந்தத்தில் மதிப்பு, மாப்பிள்ளை பார்க்கும்போதும் மதிப்பு என்கிறார். அந்த மதிப்புக்கு விலை உங்கள் வீட்டுப் பத்திரம். ஏழரை லட்சத்துக்கு மேற்பட்ட கல்விக் கடனுக்கு வங்கி பொதுவாகச் சொத்துப் பிணை கேட்கும். படிக்கும் காலத்தில் தவணை இல்லையென்றாலும் வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். பத்தரை விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் முழுத் தொகைக்கும் ஓராண்டு வட்டியே ஏறத்தாழ 4 லட்சம். உங்கள் அரிசிக் கடையின் ஓராண்டு வருமானம் எவ்வளவு என்று உங்கள் கணவர் என்னிடம் சொன்னார். அதை இங்கே எழுதப்போவதில்லை. மகள் போக விரும்பவில்லை என்பதையும் நீங்கள்தான் சொன்னீர்கள். செலவும் பிள்ளையின் மனமும் இரண்டுமே எதிராக நிற்கும் ஒரு படிப்புக்கு நான் ஒருபோதும் சரி என்று சொல்ல மாட்டேன். வங்கித் தேர்வு, அரசுத் தேர்வு, பி.எட். ஆகியவற்றைப் பற்றி உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

யாரும் உங்களிடம் சொல்லாத வழி அவள் ஏற்கனவே நிற்கும் வழிதான். கட்டற்ற மென்பொருள் திட்டங்களில் நுழைவுத் தேர்வும் கட்டணமும் இல்லை. ஒருவர் திருத்தம் ஒன்றை எழுதி முன்வைக்கிறார். மற்றவர்கள் எல்லோரும் பார்க்கும்படி அதில் குறை சொல்கிறார்கள். அவர் பதில் சொல்கிறார் அல்லது திருத்துகிறார். ஆகவே கருத்து வேறுபாடு அங்கே விபத்து அல்ல, அன்றாட வேலையே அதுதான். அதனால் அதற்கு முறைகளும் வகுத்திருக்கிறார்கள். அப்பாச்சி என்ற மென்பொருள் அமைப்பின் திட்டங்களில் ஒரு நிரல் மாற்றத்துக்கு ‘கழித்தல் ஒன்று’ என்று தடை போடலாம். ஆனால் தொழில்நுட்பக் காரணம் சொல்லாத தடை செல்லாது. பைத்தான் என்ற நிரல்மொழிக்கான முன்மொழிவு ஆவணங்களில் ‘நிராகரித்த யோசனைகள்’ என்று தனிப் பகுதியே உண்டு. தோற்ற யோசனையும் காரணத்தோடு அங்கே பதிவாகிறது. இணையத்தின் நெறிமுறைகளை வகுக்கும் ஐ.இ.டி.எஃப். அமைப்பில் வாக்கெடுப்பு கிடையாது. கூட்டத்தின் போக்கை அறிய ‘ம்ம்’ என்று முனகச் சொல்வார்கள், எதிர்த்தவரின் காரணத்துக்குப் பதில் சொல்லப்பட்டதா என்றும் பார்ப்பார்கள்.

இந்த முறைகள் சும்மா வந்துவிடவில்லை. லினக்ஸ் என்ற இயங்குதள மென்பொருளின் தலைவர் லினஸ் டோர்வால்ட்ஸ் பல ஆண்டுகள் கடுஞ்சொல்லுக்குப் பேர்போனவர். 2018 செப்டம்பரில் அதற்காக வெளிப்படையாக வருத்தம் தெரிவித்துச் சில வாரங்கள் விலகியிருந்தார், அதே நாள்களில் அத்திட்டம் புதிய நடத்தை விதிகளை ஏற்றது. பைத்தானைப் படைத்த கைடோ வான் ரோசம், ஒரு சிறு இலக்கண மாற்றத்தைப் பற்றிய ஓயாத சச்சரவில் சலித்து, அதே ஆண்டு ஜூலையில் இறுதி முடிவெடுக்கும் பொறுப்பையே துறந்தார். கெட்டிக்காரர்களுக்குப் பஞ்சமில்லாத அந்த இடங்களில் பஞ்சம் எதற்கு என்பது இவற்றிலிருந்தே தெரியும்.

வருமானத்தைக் கேட்பீர்கள். கட்டற்ற மென்பொருளுக்குப் புதியவர்களைப் பங்களிக்க வைக்கும் கூகுள் சம்மர் ஆஃப் கோட் திட்டம் 2005 முதல் நடக்கிறது. தேர்வானவர்களுக்கு நாட்டுக்கேற்ற ஊக்கத்தொகை உண்டு. அவுட்ரீச்சி என்ற பயிற்சித் திட்டம், தத்தம் நாட்டின் மென்பொருள் துறையில் பாகுபாட்டுக்கு ஆளாகிறவர்களுக்கானது. வீட்டிலிருந்தே மூன்று மாதம் வேலை, அண்மைச் சுற்றுகளில் ஊக்கத்தொகை 7,000 டாலர். இரண்டிலும் போட்டி கடுமை. கிடைத்தே தீரும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இரண்டிலும் பார்ப்பது மதிப்பெண் பட்டியலை அல்ல. திட்டத்தில் அவள் என்ன செய்தாள், வழிகாட்டிகளோடு எப்படிப் பேசினாள் என்பதைத்தான். வேலைக்கு எடுக்கும் நிறுவனமும் அந்தப் பொதுப் பதிவைத் தேடிப் படிக்கலாம், இரண்டாம் பக்கத்து வரி உட்பட. நான் கேட்பது ஓராண்டு. கல்லூரி வளாகத் தேர்வில் கிடைக்கும் சாதாரண வேலையையும் அவள் விட வேண்டாம். செலவு இணையக் கட்டணமும், தேவைப்பட்டால் ஒரு பழைய மடிக்கணினியும்தான்.

மகளுக்கும் சில சொல்ல வேண்டும்; அவளிடம் இதைப் படிக்கக் கொடுங்கள். தமிழில் ‘நீங்கள்’ என்ற சொல்லே மரியாதையின் பாதிச் சுமையைத் தூக்கிவிடும். ஆங்கிலத்தில் அந்த வசதி இல்லாததால், நாம் சாதாரணமாக நினைத்து எழுதும் வரி கட்டளைபோல ஒலிக்கிறது. அதை ஈடுகட்ட வரிக்கு வரி ‘சார்’ போடுவதும் உதவாது. இந்தத் தாள்களில் ஒரு பெண் பொறியாளரையே அவள் இரண்டு இடத்தில் ‘சார்’ என்று அழைத்திருக்கிறாள். மரியாதை என்பது எதிராளியின் வாதத்தைச் சரியாக எடுத்துச் சொல்வதில் இருக்கட்டும். கோபத்தோடு எழுதியதைக் காலையில் மறுபடி படித்துவிட்டு அனுப்பட்டும். ‘இதைக்கூடப் படிக்கவில்லையா’ என்ற கேள்விக்கு எந்த விவாதத்திலும் இடமில்லை. தன் பக்கம் தோற்றால், எடுத்த முடிவின்படி வேலை செய்துவிட்டு, புதிய சான்று கிடைக்கும்போது மட்டும் அந்தப் பேச்சை மீண்டும் தொடங்கட்டும். தன்னைப் புண்படுத்தும்படி யாராவது எழுதினால் அங்கேயே பதிலடி கொடுக்காமல், அத்திட்டத்தில் நடத்தை விதிகளைக் கவனிக்கும் பொறுப்பாளருக்குத் தனியாக எழுதட்டும். பொறுத்துப்போவதும் மரியாதையும் ஒன்றல்ல.

ஒரு குறை உங்கள்மீதும். இவை யாரும் படிக்கக்கூடிய பக்கங்கள்தாம். ஆனாலும் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அச்செடுத்திருக்கலாம்.

கடன் விண்ணப்பத்தில் உங்கள் கணவர் இன்னும் கையெழுத்திடவில்லை என்று நம்புகிறேன், இட வேண்டாம். வருகிற சனிக்கிழமை மகளோடு வாருங்கள், முடிந்தால் தம்பியையும் அழைத்து வாருங்கள். நான் சொன்னதை மறுக்க அவருக்கு முழு உரிமை உண்டு. வரும்போது அந்தப் பல்கலைக்கழகத்தின் கட்டணப் பட்டியலையும், கடனைத் திருப்பிக் கட்டும் கணக்கையும் கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள்.