தினமும் பஸ்ஸில் படிக்க மின்வாசிப்பான் வாங்கலாமா, அச்சுப் புத்தகமே போதுமா?

நீங்கள் என்ன படிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நாவல், சிறுகதை என்றால் தயங்காமல் மின்வாசிப்பான் வாங்குங்கள். அதன் மின்மை (இ-இங்க்) திரையில் கறுப்பு, வெள்ளை நுண்துகள்கள் மின்புலத்தால் நகர்ந்து எழுத்தாகின்றன. எழுத்தைக் காட்டப் பக்கம் மாறும்போதுதான் மின்சாரம் செலவாகும். அதனால் சார்ஜ் வாரக்கணக்கில் நிற்கும். கைபேசித் திரை மங்கிப்போகும் உச்சி வெயிலிலும் காகிதம்போல் தெளிவாகத் தெரியும். எழுத்தைப் பெரிதாக்கலாம், நாற்பதைத் தாண்டியவர்களுக்கு இந்த ஒரு வசதிக்காகவே வாங்கலாம்.

தமிழ் நூல்களுக்கும் பஞ்சமில்லை. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற இணைய நூலகம் சங்க இலக்கியம் முதல் பல நூல்களை இலவசமாகத் தருகிறது. ஆனால் பழைய நூல்களின் ஸ்கேன் செய்த பிடிஎஃப் கோப்புகளை ஆறு அங்குலத் திரையில் படிப்பது தண்டனை. வரிகள் திரைக்கேற்ப மடங்காது. பக்கத்தை இழுத்து இழுத்தே வாசிப்பு போய்விடும்.

விளக்கவுரை நூல், அகராதி, சமையல், படங்கள் நிறைந்தவை எல்லாம் அச்சில்தான். முன்னும் பின்னும் புரட்ட விரல்களுக்கு ஈடில்லை.

இன்னொன்று: மின்னூலுக்குப் பெரும்பாலும் உரிமம்தான் கிடைக்கிறது, உடைமை அல்ல. 2009இல் அமேசான், தான் விற்ற சில நூல்களை வாசகர்களின் கருவிகளிலிருந்தே நீக்கியது. நண்பருக்குக் கொடுக்க விரும்பும் புத்தகத்தை அச்சிலேயே வாங்குங்கள், திரும்பி வராவிட்டாலும்.