தட்டெழுத்துப் படித்தவளைக் கேட்டால்

கேள்வி: அன்ரி, எனக்கு 20 வயது. கலைப்பிரிவில் ஏ/எல் எடுத்தேன், இரண்டு சி, ஒரு எஸ். கம்பஸ் கிடைக்காது. அம்மா கண்ணிவெடி அகற்றுகிற வேலை, முகாமில் தங்கித்தான் செய்கிறா. அதுவும் கனகாலத்துக்கு இராது என்கிறா. ரவுணில் ஒரு இடத்தில் ஒரு வருசக் கம்பியூட்டர் டிப்ளோமாவுக்கு ஒன்றரை லட்சம் கேட்கிறார்கள். கனடாவில் இருக்கும் மாமா, “ஏ.ஐ. வந்து உலகத்தில் பாதி வேலை போகப்போகுது, கம்பியூட்டர் வேலைதான் முதலில் போகும், அதுக்குக் காசு அனுப்பமாட்டன்” என்கிறார். அம்மா, “அரசாங்க வேலை வரும்வரைக்கும் பொறு” என்கிறா. நான் என்ன படிக்க? படிக்கத்தான் வேணுமா?
- வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: பிள்ளை, மாமா காசு அனுப்பாதது நல்லதுதான். ஆனால் அவர் சொல்கிற காரணம் பிழை.

அந்தப் “பாதி வேலை” எங்கிருந்து வந்தது தெரியுமா? 2013இல் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தில் ஃபிரே, ஒஸ்போர்ன் என்ற இரண்டு பேர், அமெரிக்காவில் இருக்கிற வேலைகளில் 47 வீதம் இயந்திரத்திடம் போகிற ஆபத்தில் இருக்கிறது என்று கணக்குப் போட்டார்கள். “அமெரிக்கா” என்ற சொல்லும் “ஆபத்து” என்ற சொல்லும் வழியில் எங்கேயோ விழுந்துபோய், வாய்க்கு வாய் மாறி, உலகத்தில் பாதி என்று உம்முடைய மாமாவிடம் வந்து சேர்ந்திருக்கிறது. 2016இல் ஓ.ஈ.சி.டி. என்கிற, பெரும்பாலும் பணக்கார நாடுகளின் பொருளாதார அமைப்புக்காக வேறு ஆட்கள் 21 நாடுகளை எடுத்து அதே கேள்வியைக் கேட்டபோது வந்தது 9 வீதம். இவ்வளவு வித்தியாசம் ஏன் என்றால், முதல் ஆட்கள் ஒரு தொழிலை ஒரே கட்டியாகப் பார்த்தார்கள், இரண்டாவது ஆட்கள் அந்தத் தொழிலில் இருக்கிறவர் ஒரு நாளில் என்னென்ன செய்கிறார் என்று உதிர்த்துப் பார்த்தார்கள்.

அப்படி உதிர்த்துப் பார்க்கிறது எப்படி என்று என்னை வைத்தே சொல்கிறேன். 1983இல் கிளிநொச்சியில் ஒரு சின்ன ரியூட்டரியில் தட்டெழுத்துப் படித்தேன், தமிழும் ஆங்கிலமும். ரிப்பன் மாற்றி, காபன் வைத்து மூன்று பிரதி எடுத்து, கடைசி வரியில் ஒரு பிழை விட்டால் முழுத்தாளையும் கிழித்துப்போட்டு முதலிலிருந்து அடித்து, அந்தக் காலத்தில் ஒரு பெண்பிள்ளைக்கு அது பெரிய தகுதி. ஒரு அலுவலகத்தில் வேலையும் கிடைத்தது. கம்பியூட்டர் எங்களுக்குப் பிந்தித்தான் வந்தது (கரண்டே சண்டை முடிந்த பிறகுதானே ஒழுங்காக வந்தது), ஆனால் வந்த வேகத்திலேயே என் பத்து விரலுக்கும் இருந்த மதிப்பு போய்விட்டது. நேற்று வந்த பெடியன் இரண்டு விரலால் அடித்தான், பிழையை அழித்தான், நூறு பிரதி எடுத்தான். ஆனாலும் என்னை வீட்டுக்கு அனுப்பவில்லை. பெயர்தான் தட்டெழுத்தாளர், நாள் முழுக்க நான் செய்தது வேறு. காணி அனுமதிப்பத்திரம் இடம்பெயர்வில் தொலைந்துபோச்சு, மனுசன் பெயரில் இருந்தது, மனுசனும் இல்லை என்று ஒரு அம்மா வந்து அழுதால், அந்த அழுகைக்குள் எது முக்கியம், எது எந்த மேசைக்குப் போகவேண்டும் என்று பிரித்து எடுத்து எழுதுகிறது.

சரி, இப்போது கடிதத்தையும் ஏ.ஐ. எழுதுகிறதே என்பீர். போன மாதம் பக்கத்து வீட்டு அம்மாவுக்கு அப்படி ஒரு கடிதம் தேவைப்பட்டது. பார்ப்போமே என்று போனில் கேட்டேன். அரை நிமிடம் இல்லை, என்னுடையதைவிட அழகான தமிழ். “மதிப்பிற்குரிய தாசில்தார் அவர்களுக்கு” என்று தொடங்கி “எனது பட்டா நிலம்” என்று போனது! தாசில்தாரைத் தேடி நாங்கள் எங்கே போக, இராமேஸ்வரத்துக்கா? பிரதேச செயலாளர் என்று போடச் சொன்னேன், போட்டது. அனுமதிப்பத்திரம் என்றேன், திருத்தியது. இந்தப் பிழைகளை இன்னும் ஒரு வருசத்தில் அது விடாது, அதை நான் பெரிதாக எடுக்கவில்லை. ஆனால் செத்துப்போன மனுசன் தனக்குப் பிறகு காணி யாருக்கு என்று பின்னுரித்தாளர் ஒருவரை நியமித்திருந்தாரா, இல்லையா என்று அது கேட்கவே இல்லை. அந்த அம்மாவும் சொல்லவில்லை, அவவுக்கு அது ஒரு விசயம் என்றே தெரியாது. அந்தக் காணிப் பிரச்சினை முழுக்க அதில்தான் நிற்கிறது. நான் கேட்டேன், அம்மா சொன்னா, கடிதம் பத்து நிமிடத்தில் முடிந்தது. முன்பென்றால் ஒரு பின்னேரம் போயிருக்கும்.

இப்போது அந்த ஒன்றரை லட்சத்துக்கு வருவோம். அங்கே என்ன படிப்பிக்கிறார்கள் என்று கேட்டீரா? வேர்ட், எக்செல், கொஞ்சம் போட்டோசொப், கடைசியில் மண்டபம் எடுத்து ஒரு சான்றிதழ் விழா என்றால், பிள்ளை, அது 1983இல் நான் படித்த தட்டெழுத்து. கம்பியூட்டர் தெரியத்தான் வேணும், ஆனால் அந்த அளவை ஒன்றிரண்டு மாதத்தில் சும்மாவே பழகலாம்.

மாமாவின் பயத்திலும் உண்மை இல்லாமல் இல்லை. முந்தி எங்கள் பக்கத்தில் காலபோக நெல் அருவி வெட்டென்றால் இருபது முப்பது பேர் தாக்கத்தியோடு வயலில் இறங்குவார்கள், பாதிக்கு மேல் பெண்கள், சூடு மிதித்து முடிய நெல்லாகவே கூலி வாங்கிக்கொண்டு போவார்கள். இப்போது வெட்டு மெசின் ஒரு ஏக்கரை ஒரு மணித்தியாலம் அளவில் முடித்துவிடுகிறது. முதுகு முறிகிற வேலை போனதற்கு ஒருவரும் அழவில்லை, கூலி போனதற்குத்தான் அழுதார்கள். அந்தப் பெண்களுக்கு வேறு ஒன்றைப் பழக்கிவிட யாரும் வரவில்லை. இந்த நட்டத்தைப் புள்ளிவிபரம் காட்டாது, நான் கண்ணால் கண்டேன். அதே மெசின் இந்தத் தை மாதம் எங்கள் பக்கத்து வயலில் பெல்ட் அறுந்து நின்றது. வானம் கறுத்துக்கொண்டு வருகுது, திருத்துகிறவர் வவுனியாவிலிருந்து வர இரண்டு நாள், அதற்குள் மழை கொட்டி, சாய்ந்த கதிர் வயலிலேயே முளைத்துப்போச்சு. ஊரில் வீட்டுக்கு வீடு மோட்டார் சைக்கிள் ஓடத் தெரிந்த பெடியள் இருக்கிறார்கள், அந்தப் பெல்ட்டைப் போடத் தெரிந்த ஒருவர் இல்லை.

அம்மாவின் வேலையையும் யோசித்துப் பாரும். மண்ணை வாரிச் சலிக்க அங்கேயும் இயந்திரம் உண்டு, ஆனால் இந்த நிலத்தில் கால் வைக்கலாம் என்று சொல்வதற்கு இன்னும் ஒரு மனிசி முழங்காலில் இருந்து அடி அடியாகத்தான் பார்க்கவேண்டியிருக்கு. அந்த வேலையை ஏ.ஐ. பறிக்கவில்லை. இலங்கை 2017இல் கண்ணிவெடியைத் தடைசெய்கிற ஒட்டாவா உடன்படிக்கையில் சேர்ந்தது, அதன்படி 2028 ஜூனுக்குள் முடிக்கவேண்டும் என்பது கெடு. கொஞ்சம் முந்தலாம், பிந்தலாம், எப்படியோ நிலம் துப்புரவானால் வேலையும் இல்லை. மாமாவுக்கு இதையும் சொல்லும்.

அரசாங்க வேலைக்குப் பொறுத்திருக்கிறது பற்றி அதிகம் எழுதமாட்டேன். 2020இல் 50,000 பட்டதாரிகளை எடுக்கிறோம் என்றார்கள். 2022இல் நாடே கடன் கட்டமுடியாது என்று கையை விரித்த பிறகு அப்படி ஒன்று வரும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டு இருக்கிறது சரிவராது, அதுவும் பட்டம் இல்லாமல்.

நான் சொல்கிறது இதுதான். கிளிநொச்சி அறிவியல் நகரில் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் 2016இலிருந்து நடக்கிறது. வாகனம், மின், கட்டடம், உணவு, தகவல் தொழில்நுட்பம் என்று பிரிவுகள் இருக்கு. அரச நிலையங்களில் பெரும்பாலும் காசில்லை, இருந்தாலும் சின்னத் தொகை. என்.வி.கியூ. என்கிற தேசிய தொழிற்தகைமையில் 4ஆம் மட்டம் எடுத்தால் சான்றிதழ், 5 டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமன், ஆகவே கம்பஸ் வாசல் மூடினது மூடினதுதான் என்று நினைக்கவேண்டாம், சுற்றி வர ஒரு வழி இருக்கு. என்னைக் கேட்டால் மின் அல்லது வாகனம். கம்பியூட்டர்தான் வேணும் என்று மனம் நின்றால் டைப் அடிக்கிறதை விட்டு நெற்வேர்க், பழுதுபார்ப்பு என்று போம். பின்னேரத்தில் அந்தப் போன் ஏ.ஐ.யோடேயே அரை மணித்தியாலம் ஆங்கிலம் கதைத்துப் பழகும், வெட்கப்படத் தேவையில்லை, அது சிரிக்காது.

பொம்பிளைப்பிள்ளை மெசின் திருத்துகிறதா என்று ஊர் கேட்கும். அம்மா கண்ணிவெடி எடுக்கப் போனபோதும் அதே ஊர்தான் கேட்டது.

போகிற அன்று ஓ/எல், ஏ/எல் பெறுபேறுகளின் மூலப்பிரதியையும் அடையாள அட்டையையும் கொண்டு போம், போட்டோக்கொப்பி மட்டும் கொண்டு போய்த் திரும்பி வந்த பிள்ளைகள் கனபேர். எந்தப் பிரிவுக்கு ஓ/எல்லில் என்ன பாடம் கேட்கிறார்கள் என்று வாசலில் நிற்கிறவரிடம் கேட்காமல் உள்ளே போய்க் கேளும். பரந்தனால் வந்து கிளிநொச்சியில் இறங்கினால், முறிகண்டிப் பக்கம் போகிற எந்த பஸ்ஸும் அறிவியல் நகரால்தான் போகும்.