முழங்கால் உயர பூட்ஸ்: கெண்டைக்கால் அளவும் சிங்கப்பூர் ஈரப்பதமும்

கேள்வி: டிசம்பரில் தென்கொரியத் தலைநகர் சோல் போகிறேன். முழங்கால் வரை வரும் பூட்ஸ் எப்படிப் பார்த்து வாங்குவது? இங்கே வந்தபிறகும் போட முடியுமா?

பாத அளவை மட்டும் பார்த்து வாங்கினால் ஜிப் பாதியிலேயே நின்றுவிடும். சாயங்காலம், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், நாற்காலியில் உட்கார்ந்து பாதத்தைத் தரையில் ஊன்றிக் கெண்டைக்காலின் தடித்த இடத்தை டேப்பால் அளந்து பாருங்கள். 37 செ.மீ. வந்தால் பூட்ஸின் சுற்றளவு 38 முதல் 39 வரை இருக்கட்டும். ஜீன்ஸைச் செருகிப் போடுவதானால் அதன்மேலேயே அளந்து பாருங்கள். உயரத்தையும் பாருங்கள்: பூட்ஸின் தோல் கணுக்காலில் மடிந்து பழகியதும் 1, 2 செ.மீ. இறங்கும். புதிதில் மேல்விளிம்பு முழங்கால் மடிப்பை லேசாகத் தொட்டால் பரவாயில்லை, குத்தினால் வேண்டாம்.

சோல் நகரில் பனி வழுக்கும். பள்ளம் பள்ளமான ரப்பர் அடிப்பாகமே வாங்குங்கள். நம் ஊருக்கும் அதுதான் நல்லது. பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் வகை அடிப்பாகமோ காற்றின் ஈரத்தை உறிஞ்சி, போடாமல் அலமாரியில் வைத்திருந்தாலே சில வருடங்களில் பொலபொலவென உதிரும். பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்காதீர்கள், பூஞ்சை பிடிக்கும். உள்ளே காகிதத்தைச் சுருட்டி நிமிர்த்தி வைத்து, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள்.

இங்கே குளிரூட்டிய அலுவலகத்துக்குப் போடலாம். பாவாடையின் ஓரம் பூட்ஸின் மேல்விளிம்பை மூடட்டும், அல்லது நன்றாக மேலே நிற்கட்டும். நடுவில் இரண்டு விரல் அகலம் மட்டும் கால் தெரிந்தால் உயரம் குறைவாகத் தெரியும்.