கைப்பேசிக் கடை அக்கா பதில்கள்: இலவச டயமண்ட்

கேள்வி: அக்கா, எனக்கு 20 வயது. அப்பா செம்பனைத் தோட்டத்தில் லாரி ஓட்டுகிறார். நான் பகுதி நேர வேலை பார்த்துக்கொண்டே மொபைல் லெஜண்ட்ஸ் விளையாடி யூடியூப்பில் போடுகிறேன். பேச மாட்டேன், எடிட்டிங் கிடையாது, விளையாடியதை அப்படியே ஏற்றிவிடுவேன். யாரும் பார்க்கவில்லை. கூட்டாளி சொன்னான் என்று தம்நெயிலில், அதாவது வீடியோவின் முகப்புப் படத்தில், ‘இலவச டயமண்ட்’ என்று போட்டேன். டயமண்ட் என்பது அந்த விளையாட்டுக்குள் பொருள் வாங்கும் காசு. வியூஸ் ஏறிவிட்டது. உள்ளே டயமண்டும் இல்லை, எந்த லிங்க்கும் இல்லை. அம்மா இது ஏமாற்று வேலை என்று திட்டுகிறார். அல்காரிதம் கேட்பதைத்தானே கொடுக்கிறேன், இதில் என்ன தப்பு? – பெயர் வேண்டாம், சுங்கை சிப்புட்

பதில்: தம்பி, நீ செய்வது இரண்டு வேலை. அம்மா இரண்டையும் சேர்த்துத் திட்டுகிறார் போலிருக்கிறது. பிரித்துப் பார்ப்போம்.

பேசாமல், வெட்டி ஒட்டாமல் ஆட்டத்தை அப்படியே போடுவது சோம்பேறித்தனமாக இருக்கலாம், பாவம் ஒன்றுமில்லை. மத்தியானம் கடையில் ஆள் இல்லாத நேரத்தில் நானே அந்த மாதிரி வீடியோ பார்ப்பேன். தொண்டை கிழியக் கத்துகிறவர்களைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் காசு வேறு கதை. யூடியூப்பின் விளம்பரப் பணத்தில் பங்கு வேண்டுமென்றால் 1,000 சப்ஸ்கிரைபர் வேண்டும், 12 மாதத்தில் 4,000 மணி நேரம் மக்கள் பார்த்திருக்கவும் வேண்டும். 8 நிமிட வீடியோக்களாகப் போட்டால் 30,000 தடவை முழுசாக ஓட வேண்டும், கணக்குப் போட்டுப் பார். அதைத் தாண்டினாலும் சேனலைச் சோதித்துவிட்டுத்தான் சேர்ப்பார்கள். ஒரே அச்சில் வார்த்தது போல் மொத்தமாக ஏற்றும் வீடியோக்களுக்குக் காசு கிடையாது என்பதை 2025 ஜூலையில் இன்னும் தெளிவாகவே எழுதி வைத்துவிட்டார்கள்.

அப்புறம் அந்த டயமண்ட். இதற்குத்தான் எனக்குக் கோபம் வருகிறது. பள்ளி விட்டதும் என் கடைக்கு வரும் பையன்களில் யாராவது ஒருவன் அழாத குறையாக நிற்பான். “அக்கா, ஐடி போச்சு.” விசாரித்தால் கதை ஒன்றுதான். இலவச டயமண்ட் என்று ஒரு வீடியோ, அடியில் ஒரு லிங்க். அது விளையாட்டு ஐடியைக் கேட்கும், பாஸ்வர்டைக் கேட்கும், கடைசியில் கைப்பேசிக்கு வந்த எண்ணையும் கேட்கும். கொடுத்தானோ இல்லையோ, கணக்கு கைமாறிவிடும். தீபாவளிக்கு உறையில் கிடைத்த அங்பாவ் காசைச் சேர்த்து வாங்கிய ஸ்கின், அதாவது விளையாட்டு வீரனுக்குப் போடும் உடுப்பு, எல்லாம் அதோடு போய்விடும். நான் என்ன மந்திரவாதியா, திருப்பி எடுத்துக் கொடுக்க?

நீ லிங்க் போடவில்லை, சரி. ஆனால் இலவச டயமண்ட் என்று ஒன்று எங்கேயோ இருக்கிறது என்ற ஆசையை அவன் மனதில் போட்டது யார்? உன் வீடியோவில் கிடைக்காததை அவன் அடுத்த வீடியோவில் தேடுவான். அங்கே லிங்க் இருக்கும். திருடனுக்கு நீ கூட்டம் சேர்த்துக் கொடுக்கிறாய், அதுவும் சம்பளம் வாங்காமல்.

அல்காரிதம் கேட்கிறது என்று சொல்கிறாயே, அது எதையும் கேட்பதில்லை. யார் எதைத் தொட்டார்கள், எவ்வளவு நேரம் இருந்தார்கள் என்று பார்த்து அடுத்ததைக் காட்டுகிறது. ஒரு காலத்தில் யூடியூப் வியூஸைத்தான் பெரிதாக எடுத்துக்கொண்டது. கவர்ச்சியாக ஒரு படத்தை வைத்து ஏமாற்றுகிறவர்கள் பெருகியதால் 2012-ல் பார்க்கும் நேரத்துக்கு மாறினார்கள். நீளமாக ஓடும் விளையாட்டு வீடியோக்களுக்கு அது நல்ல காலம். உடனே எல்லாரும் இழுக்க ஆரம்பித்தார்கள். நடுவில் விளம்பரம் போட 10 நிமிடம் வேண்டும் என்றிருந்தபோது 10 நிமிடத்துக்கு இழுத்தார்கள். 2020-ல் அது 8 ஆனதும் எத்தனையோ வீடியோக்கள் 8 நிமிடத்தை ஒட்டியே முடிந்தன. எதை அளந்தாலும் அதை ஊத வைக்க ஆள் இருக்கும்.

என் அம்மா ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர். பாலை வெறும் எடைக்கு எடுத்தால் தண்ணீர் ஊற்றத் தோன்றும். அதனால்தான் ஸ்டோரில் கணக்கு எழுதும் கிராணி மெட்ரோலாக் என்ற அளவுக் கருவியைப் பாலில் மிதக்கவிட்டு, ரப்பர் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பார். தண்ணீர் ஊற்றியவர் மாட்டிக்கொண்டால், ‘தராசுதான் எடை கேட்டது’ என்று சொல்ல முடியுமா? உன் வீடியோவைப் பார்க்கும் பையனிடம் மெட்ரோலாக் எதுவும் இல்லை. முன்பு டிஸ்லைக் எண்ணிக்கையைப் பார்த்தாவது உஷாராவார்கள். 2021 நவம்பரில் அதையும் மறைத்துவிட்டார்கள்.

இன்றைக்கே அந்தத் தம்நெயில்களை மாற்று. பொய்த் தலைப்பும் பொய்ப் படமும் யூடியூப்பின் விதிக்கே விரோதம். விதியை மீறினால் ஸ்டிரைக் என்று குற்றப்புள்ளி போடுவார்கள், 90 நாளுக்குள் அது மூன்று விழுந்தால் சேனலே போய்விடும். மாற்றினால் வியூஸ் விழும், அதைத் தாங்கிக்கொள். தோற்ற ஆட்டம் ஒன்றை எடுத்து, எங்கே கோட்டை விட்டாய் என்று நம் ஊர்த் தமிழிலேயே பேசு. ஜெயித்ததைக் காட்ட ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இன்னொன்று: ‘இலவச டயமண்ட் என்று சொல்லி எப்படி ஏமாற்றுகிறார்கள்’ என்று ஒரு வீடியோ போடு. டயமண்ட் தேடி வரும் அதே பையன்கள் அதிலும் வந்து விழுவார்கள், இந்த முறை அவர்கள் நல்லதுக்கு. போட்டதும் எனக்கு லிங்க் அனுப்பு, கடையில் வரும் பையன்களுக்குக் காட்டுகிறேன்.

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. என் கைப்பேசியை எடுத்தால் இந்தக் குப்பை வீடியோக்கள்தான். எப்படி நிறுத்துவது? – ஒரு தாயார், பீடோர்

பதில்: கைப்பேசியைப் பிடுங்கினால் பாட்டியின் கைப்பேசியில் பார்ப்பான். யூடியூப்பில் ஹிஸ்டரியை முழுவதும் அழித்து, பதிவதையும் நிறுத்திவிடுங்கள். அப்புறம் முகப்பில் வீடியோக்கள் வரிசை கட்டி நிற்காது, வேண்டியதைத் தேடித்தான் பார்க்க வேண்டும். அடுத்த வீடியோவைத் தானாக ஓட்டும் ஆட்டோபிளேயையும் அணைத்துவிடுங்கள். தேடும்போது அவன் பக்கத்தில் உட்காருங்கள், என்ன தேடுகிறான் என்று தெரிந்துவிடும்.

கேள்வி: பேரன் டயமண்ட் வாங்க 5 வெள்ளி கேட்கிறான். கொடுக்கலாமா அம்மா? – ஒரு தாத்தா, தாப்பா

பதில்: கொடுங்கள் ஐயா. இலவசமாகத் தேடிப் போவதைவிட அது மலிவு. வங்கி கார்டு எண்ணை மட்டும் அந்தக் கைப்பேசியில் சேமித்து வைக்காதீர்கள்.