கணினி கேள்வி–பதில்: வீட்டுக் கணினியில் அட்மின் யார்?

கேள்வி: விண்டோஸ் 11 கணினி ஒன்றைத்தான் வீட்டில் மூவரும் ஒரே கணக்கில் பயன்படுத்துகிறோம். பத்தாம் வகுப்பு படிக்கும் மகன் கண்ட விளையாட்டுகளையும் நிறுவிவிடுகிறான். அவனுக்கு மட்டும் தனிக் கணக்கு கொடுத்தால் போதுமா?
— வாசகி, ஈரோடு

பதில்: போதாது. மூவருக்கும் ஸ்டாண்டர்டு கணக்கு, அதாவது கணினியின் முக்கிய அமைப்புகளை மாற்றும் உரிமை இல்லாத சாதாரணக் கணக்கு, வைத்துக்கொள்ளுங்கள். மென்பொருள் நிறுவுவதற்கென்றே தனியாக, முழு உரிமையுள்ள ஓர் அட்மின் (அட்மினிஸ்ட்ரேட்டர்) கணக்கு இருக்கட்டும். மெயிலில் வரும் போலி இணைப்பைப் பெரியவர்கள்தான் அதிகம் திறக்கிறோம். அட்மின் கணக்கில் இருந்தால், திரை மங்கி அனுமதி கேட்கும்போது பழக்க தோஷத்தில் 'யெஸ்' அழுத்திவிடுவோம். ஸ்டாண்டர்டு கணக்கில் அதே இடத்தில் அட்மின் பாஸ்வேர்டைக் கேட்கும். அதைத் தட்டுவதற்குள் யோசிக்க நேரம் கிடைக்கும்.

செய்யும் வரிசை முக்கியம். முதலில் புது அட்மின் கணக்கை உருவாக்குங்கள்: செட்டிங்ஸ், அக்கவுன்ட்ஸ், அதர் யூசர்ஸ், ஆட் அக்கவுன்ட். மின்னஞ்சல் கேட்டால், அந்த நபரின் விவரம் தெரியாது என்ற வரியைச் சொடுக்கி, அடுத்த திரையில் மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாமல் சேர்க்கும் வரியைத் தேர்ந்தெடுங்கள். பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்தபின், பட்டியலில் அந்தக் கணக்கை விரித்து 'சேஞ்ச் அக்கவுன்ட் டைப்' வழியே அட்மினிஸ்ட்ரேட்டர் ஆக்குங்கள். சைன் அவுட் செய்து, புதுக் கணக்கில் ஒருமுறை நுழைந்து பாருங்கள். நுழைய முடிந்தால் அங்கிருந்தே பழைய கணக்கை ஸ்டாண்டர்டு ஆக்கலாம். அதிலுள்ள கோப்புகள் எதுவும் போகாது. சோதிக்காமல் பழையதை மாற்றிவிட்டு, புதியதன் பாஸ்வேர்டு தவறாகப் பதிந்திருந்தால் அட்மின் அனுமதி தேவைப்படும் எந்த அமைப்பையும் மாற்ற ஆளிருக்காது.

கேள்வி: தம்பியின் கணக்கு ஸ்டாண்டர்டுதான். ஆனாலும் குரோம் நிறுவிவிட்டான். நான் அட்மின் பாஸ்வேர்டு கொடுத்து நிறுவிய ஒரு மென்பொருளோ அவன் கணக்கில் தெரியவே இல்லை. ஏன் இப்படி?
— வாசகர், திண்டுக்கல்

பதில்: இரண்டுக்கும் வேர் ஒன்றே. சில மென்பொருள்கள் எல்லோருக்கும் பொதுவான 'புரோகிராம் ஃபைல்ஸ்' ஃபோல்டர் பக்கமே போகாமல், பயனரின் சொந்த 'ஆப்டேட்டா' ஃபோல்டருக்குள் தங்களை நிறுவிக்கொள்ளும். அது அவரவர் இடம் என்பதால் அட்மின் அனுமதி தேவையில்லை. குரோம் பாஸ்வேர்டு கேட்கும்போது 'நோ' கொடுத்தால், அட்மின் உரிமை இல்லாமலே நிறுவட்டுமா என்று அதுவே கேட்கும்.

அப்படிப்பட்ட மென்பொருளுக்கு நீங்கள் அட்மின் பாஸ்வேர்டு கொடுத்தால், அதை நிறுவும் புரோகிராம் உங்கள் பெயரில் ஓடி உங்கள் ஆப்டேட்டாவில் போய் உட்கார்ந்துவிடும். நிறுவும்போது 'ஆல் யூசர்ஸ்' என்ற தேர்வு இருந்தால் அதைக் குறியுங்கள். இல்லையென்றால் தம்பியின் கணக்கில், பாஸ்வேர்டு கொடுக்காமல் நிறுவுங்கள்.

ஸ்டாண்டர்டு கணக்கு விண்டோஸையும் மற்றவர் கோப்புகளையும் காக்கும். எதைப் பயன்படுத்தலாம், எவ்வளவு நேரம் என்று கட்டுப்படுத்த அது உதவாது. அதற்கு மைக்ரோசாஃப்ட் ஃபேமிலி வசதி வேண்டும்.

கேள்வி: கணக்கின் பெயரைத் தமிழில் வைக்கலாமா?
— வாசகர், காரைக்குடி

பதில்: தாராளமாக. ஆனால் உருவாக்கும்போது ஆங்கில எழுத்தில் கொடுங்கள். முதல் லாகினில் அந்தப் பெயரிலேயே 'யூசர்ஸ்' ஃபோல்டருக்குள் ஒரு ஃபோல்டர் உருவாகும். பிற்பாடு கணக்கின் பெயரை மாற்றினாலும் ஃபோல்டர் பெயர் மாறாது. கோப்பு இருக்கும் ஃபோல்டர் பாதையில் (பாத்) தமிழ் எழுத்து இருந்தால் சில பழைய மென்பொருள்கள் திறக்காமல் நின்றுவிடும். ஒருமுறை நுழைந்து வந்தபின், கன்ட்ரோல் பேனலில் தமிழ்ப் பெயராக மாற்றுங்கள்.

கேள்வி: வேலையை விட்டுப் போனவரின் கணக்கை அலுவலகக் கணினியிலிருந்து நீக்க வேண்டும். கோப்புகள் என்னாகும்?
— வாசகி, நாகர்கோவில்

பதில்: செட்டிங்ஸில் 'ரிமூவ்' கொடுத்தால் கணக்கோடு அவருடைய ஃபோல்டரும் அழியும். கன்ட்ரோல் பேனல் வழியே நீக்கினால் 'கீப் ஃபைல்ஸ்' என்று கேட்கும். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், படங்கள் போன்றவை உங்கள் டெஸ்க்டாப்பில் ஒரு ஃபோல்டராக வந்து சேரும். டவுன்லோட்ஸ் அந்தப் பட்டியலில் இல்லை. பில்களும் வங்கி அறிக்கைகளும் பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும் என்பதால், அவருடைய ஃபோல்டர் முழுவதையும் முதலில் வெளி டிஸ்க்கில் நகலெடுத்துவிட்டு நீக்குங்கள்.