குணா குகைக்குள் இறங்க முடியுமா?

கே: லீவுக்குக் கொடைக்கானல் போகிறோம். 'குணா' என்றால் என் வீட்டுக்காரருக்கு உயிர். குகைக்குள் இறங்கி 'கண்மணி அன்போடு' பாட்டை ஓடவிட்டு வீடியோ எடுக்கணுமாம். விடுவார்களா?
- வாசகி, திருப்பூர்

ப: பாட்டை ஓடவிடலாம், இறங்கத்தான் விடமாட்டார்கள். வேலி போட்டு அடைத்திருக்கிறார்கள், தள்ளி நின்று எட்டிப் பார்க்கலாம், அவ்வளவுதான். 1991-ல் படம் வருவதற்கு முன்னால் அதற்கு டெவில்ஸ் கிச்சன் என்று பேர், கமல் வந்துபோன பிறகு குணா குகை. பாறைகளுக்கு நடுவே பயங்கர ஆழமான பிளவுகள். 2006-ல் கேரளத்திலிருந்து வந்த நண்பர்களில் ஒருவர் உள்ளே விழுந்துவிட, கூட வந்தவரே கயிறு கட்டி இறங்கித் தூக்கிவந்த கதைதான் 2024-ல் வந்த 'மஞ்ஞும்மல் பாய்ஸ்'. அந்தப் படத்துக்கே குகையை செட் போட்டுத்தான் எடுத்தார்கள் என்று அவரிடம் சொல்லுங்கள், கொஞ்சம் மனசு ஆறும். வீடியோவுக்கு, அங்கே மண்ணுக்கு மேலே பின்னிக் கிடக்கும் மரவேர்கள் போதும், என்னைக் கேட்டால் குகையைவிட அதுதான் அழகு. காலையிலேயே போய்விடுங்கள், மூட்டம் இறங்கிவிட்டால் பக்கத்தில் இருக்கும் தூண் பாறைகூடக் கண்ணில் படாது. அப்புறம், சொந்த வண்டி என்றால் இ-பாஸ் எடுக்காமல் மலையேறாதீர்கள். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே மாதம் வந்த நடைமுறை, ஆன்லைனில் எடுக்கலாம், காசு கிடையாது.

கே: 'பம்பாய்' படத்தில் 'உயிரே' பாட்டு வரும் கோட்டை எங்கே இருக்கிறது?
- வாசகர், விழுப்புரம்

ப: பேக்கல், கேரளத்தின் காசர்கோடு மாவட்டம். சென்னையிலிருந்து மங்களூர் ரயிலில் ஏறிக் காசர்கோட்டில் இறங்கினால் அங்கிருந்து பஸ்ஸில் போய்விடலாம். ஆனால் பாட்டில் பார்த்த மழையும் பாசி பிடித்த சுவரும் அலையின் ஆவேசமும் வேண்டுமென்றால் ஜூன், ஜூலையில் குடையோடு போகவேண்டும். ஏப்ரல், மே விடுமுறையில் போனால் காய்ந்த புல்லும் மண்டையைப் பிளக்கும் வெயிலும்தான், மணிரத்னத்தைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை.

கே: 'புன்னகை மன்னன்' அருவிக்குப் பைக்கில் போகலாமா?
- வாசகர், பொள்ளாச்சி

ப: தாராளமாக. கமலும் ரேகாவும் குதிப்பார்களே, அது அதிரப்பள்ளி. உங்கள் ஊரிலிருந்து வால்பாறை ஏறி, அப்படியே காட்டுச் சாலையில் இறங்கலாம். யானை குறுக்கே வரும் வழி, இருட்டிய பிறகு செக்போஸ்டில் விடமாட்டார்கள், அதனால் விடியும்போதே கிளம்பிவிடுங்கள்.