பகுதிநேர வேலையை நம்பி வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைக்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

சென்ற வாரம் திருப்பூரிலிருந்து மகளுடன் வந்திருந்தீர்கள். நெசவுத் தொழில்நுட்பத்தில் பி.டெக். முடித்திருக்கும் அவரை இங்கிலாந்தில் ஓராண்டு எம்.பி.ஏ. படிக்க அனுப்பும்படி உங்கள் மைத்துனர் வற்புறுத்துவதாகவும், வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைத்து வாங்கும் கடனை அங்கே பகுதிநேர வேலை பார்த்தே அடைத்துவிடலாம் என்று அவர் உறுதி சொல்வதாகவும் கூறினீர்கள். உங்கள் கலக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தக் கணக்கு தவறானது என்பதைச் சொல்லாமல் உங்களுக்கு ஆறுதல் மட்டும் கூறுவது சரியாகாது.

மாணவர் விசாவில் பட்டப்படிப்பு படிப்பவர் அங்கே படிப்பு நடக்கும் பருவக் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் மட்டுமே வேலை செய்யலாம். 2025 ஏப்ரலில் வந்த குறைந்தபட்ச ஊதியமான மணிக்கு 12.21 பவுண்டு வீதம், ஒரு வாரம்கூடத் தவறாமல் உழைத்தாலும் மாதம் சுமார் 1,050 பவுண்டுதான் வரும். அதே ஆண்டு விசாவுக்காக அந்நாட்டு அரசு காட்டச் சொன்ன வாழ்க்கைச் செலவோ, லண்டனுக்கு வெளியே மாதம் 1,136 பவுண்டு. சாப்பாட்டுக்கும் வாடகைக்குமே போதாத அந்தப் பணத்திலிருந்து 17,000 பவுண்டு படிப்புக் கட்டணத்தை எப்படி அடைப்பது? கோடையில் முழுநேரம் உழைக்கலாமே என்பார்கள். முதுநிலை மாணவர்களுக்குக் கோடை என்பது ஆய்வேடு எழுதும் காலம். அதுவும் பருவக் காலமாகவே கருதப்படுவதால் அப்போதும் 20 மணி நேர வரம்புதான். வரம்பை மீறிக் கையில் ரொக்கமாகக் கூலி வாங்கினால் விசாவே பறிபோகக்கூடும். அந்த யோசனையை யார் சொன்னாலும் ஏற்காதீர்கள்.

இன்னொன்றையும் கவனித்தேன். நாம் பேசிக்கொண்டிருந்த ஒரு மணி நேரத்தில் உங்கள் மகள் ஒரே ஒரு முறைதான் முகம் மலர்ந்து பேசினார். பயிற்சிக்குப் போயிருந்த துணிப் பரிசோதனைக் கூடத்தில், ஒரே சாயம் ஒரு லாட்டுக்கும் அடுத்த லாட்டுக்கும் ஏன் வேறுபடுகிறது என்று கண்டுபிடித்ததைச் சொன்னபோதுதான். எம்.பி.ஏ.வைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

ஆகவே, நம் ஊரில் அதிகம் பேசப்படாத ஒரு வழியைச் சொல்கிறேன்: நெசவுத் துறையிலேயே ஜெர்மனியில் முதுநிலைப் படிப்பு. ஜெர்மனியில் ஆகன் நகரத்து ஆர்.டபிள்யூ.டி.எச். பல்கலைக்கழகத்திலும் டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் நெசவுத் துறைக்கென்றே பெரிய ஆய்வு நிறுவனங்கள் இருக்கின்றன. அங்கே பேராசிரியர்களின் ஆய்வுக்கூடங்களில் இழைகளைச் சோதிக்கவும் அளவீடுகளைப் பதிவு செய்யவும் மாணவர்களைச் சம்பளத்துக்கு அமர்த்துகிறார்கள். 'ஹிவி' என்பது அந்த வேலைக்கு மாணவர்கள் வைத்திருக்கும் பெயர். 2024 மார்ச்சிலிருந்து வெளிநாட்டு மாணவர்கள் ஆண்டுக்கு 140 முழு நாள்கள், அல்லது 280 அரை நாள்கள் வேலை செய்யலாம். பல்கலைக்கழகத்துக்குள் பார்க்கும் ஹிவி வேலையோ இந்த நாள் கணக்கில் சேராது. 2025இன் குறைந்தபட்ச ஊதியமான மணிக்கு 12.82 யூரோவை வைத்துப் பார்த்தால், வாரம் 10 மணி நேர வேலைக்கு மாதம் ஏறத்தாழ 550 யூரோ கிடைக்கும். அதைவிட முக்கியம், சாயமும் இழையும் தெரிந்த ஒரு பேராசிரியர் உங்கள் மகளின் வேலையை நேரில் பார்த்திருப்பார். படிப்பு முடிந்ததும் வேலை தேட 18 மாதம் தங்கலாம்; அப்போது அந்தப் பேராசிரியரின் பரிந்துரைக் கடிதம் பெரிதும் உதவும். உணவகத்தில் தட்டுக் கழுவிய அனுபவத்துக்கு அந்த மதிப்பு கிடைக்காது.

செலவிலும் உங்களிடம் எதையும் மறைக்க விரும்பவில்லை. அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் இல்லை, பருவத்துக்குச் சில நூறு யூரோ மட்டுமே. ஆனால் பாடன் வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறார்கள். விசாவுக்காக 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் போட வேண்டும். அது மாதம் 992 யூரோவாக உங்கள் மகளுக்கே திரும்பி வரும். அந்தத் தொகையை நீங்கள் கையில் திரட்டிக்கொண்டுதான் அவரை அனுப்ப வேண்டும், ஏனெனில் ஹிவி வேலை முதல் பருவத்திலேயே கிடைக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது, முதல் பருவத்தில் அவர் வேலை தேடாமல் படிப்பதே நல்லது. கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரப்படும், இந்திய மாணவர்களுக்குக் கட்டாயமான ஏ.பி.எஸ். சான்றிதழுக்கு இப்போதே விண்ணப்பியுங்கள். ஆங்கிலவழிப் படிப்பாக இருந்தாலும், புறப்படும் முன் அவர் ஜெர்மன் மொழியில் பி1 என்னும் இடைநிலைத் தேர்ச்சியை எட்ட வேண்டும். ஆய்வுக்கூடத்துப் பேச்சு பெரும்பாலும் அந்த மொழியில் நடக்கக்கூடும்.

ஏஜென்டிடம் முன்பணம் கட்டும் தேதியைத் தள்ளிப்போடுங்கள். அடுத்த முறை மைத்துனரை அழைத்து வர வேண்டாம்; மகளை மட்டும் அழைத்து வாருங்கள், அவருடைய பரிசோதனைக் கூடப் பயிற்சி அறிக்கையுடன்.